மதுரை ஆடிய மண்

யானை மோதிய தமுக்கம், குதிரை ஓடிய ரேஸ்கோர்ஸ், கிரிக்கெட் நடந்த தெப்பக்குளம்... ஆட்டம் போன பிறகு அந்த இடங்களுக்கு என்ன நேர்ந்தது?

மதுரை ஆட்டோக்காரரிடம் ‘காந்தி மியூசியம்’ என்று சொன்னால் ஒரு வெள்ளைக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிடுவார். குவிமாடமும் அகன்ற வளைவுகளும் கொண்ட அந்தக் கட்டடம், நாயக்கர் காலத்தில் வேடிக்கை பார்ப்பதற்கென்றே எழுப்பப்பட்டது. அதன் முன்னால் விரிந்து கிடந்த வெளியில் யானைகளை மோதவிட்டார்கள். வீரர்கள் பொருதினார்கள். அரச குடும்பத்தார் மேலே மாடத்தில் அமர்ந்து பார்த்தார்கள். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை என்று மதுரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இன்றைய கணக்கில் பார்த்தால் அது ஒரு பெவிலியன். எதிரே கிடந்த தமுக்கம் வெளி, மதுரையின் முதல் பெரிய ஆட்டக்களம்.

கட்டடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். திருமலை நாயக்கர் மகாலில் தூண்களெல்லாம் நடு முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. அரசனைக் காண வருகிறவர்களுக்கான கட்டடம் அது. தமுக்கம் வெளியே பார்த்து நிற்கிறது. ஊரிலிருந்து தள்ளி, வைகைக்கு வடகரையில், கோட்டைக்கு வெளியே அதைக் கட்டியதற்கும் காரணம் இருக்கத்தான் வேண்டும். தேர் திரும்பவே திணறுகிற வீதிகளுக்குள் மதம் பிடித்த இரண்டு யானைகளை எங்கே மோதவிடுவது? திறந்தவெளி வேண்டும், கூட்டம் நிற்க இடம் வேண்டும். வடகரை அதைக் கொடுத்தது.

பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை மங்கம்மாள் நாட்டை ஆண்டார். நாயக்கர் ஆட்சி முடிந்து, ஆற்காட்டு நவாபின் கை ஓங்கி, கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். யானைச் சண்டை நின்றது. மாடம் கலெக்டரின் பங்களாவானது. பிறகு 1955-ல் காந்தி நினைவு நிதிக்குக் கொடுக்கப்பட்டு, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் கனத்த மனத்தோடு வெளியே போகிறார்கள். மாடத்துக்கு எதிரே கிடந்த களத்தை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

பெவிலியனுக்குப் புதுவாழ்வு கிடைத்தது. களம் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஆட்டம் நின்ற பிறகு மதுரை அந்த இடத்தைச் சும்மா விடவில்லை. சித்திரைப் பொருட்காட்சி வந்தது. ராட்டினம், டெல்லி அப்பளம், மரணக்கிணற்றில் சுற்றுகிற மோட்டார் சைக்கிள் என்று கோடை விடுமுறையின் மாலைகள் அங்கே கழிந்தன. கட்சி மாநாடுகள் நடந்தன, புத்தகத் திருவிழா நடந்தது. 1981 ஜனவரியில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு மதுரையே திரண்டபோது, எம்.ஜி.ஆர். திறந்துவைத்த தமிழன்னை சிலை தமுக்கத்தின் முகப்பில் அமர்ந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர், மூன்றுமாவடியில் எதிர்சேவை கொண்டு, புதூர் கடந்து, தல்லாகுளம் வந்து, கருப்பணசாமி கோயில் முன்னால் ஆயிரம்பொன் சப்பரம் ஏறி வைகைக்குப் போகிற வழியும் இதை ஒட்டித்தான். அன்று இரவு தமுக்கத்தைச் சுற்றியுள்ள நடைபாதையெங்கும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். விருதுநகரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்ப்பது அங்கேதான்.

அப்புறம் 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்குத் தடை நீங்க வேண்டும் என்று சென்னையில் மெரினா நிறைந்தபோது மதுரையில் நிறைந்தது தமுக்கம். கல்லூரிப் பிள்ளைகள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தூக்கில் சோறு வந்தது. யாரும் கூப்பிடாமலே, யாரும் இடம் ஒதுக்காமலே, மதுரை தானாகப் போய் அங்கே உட்கார்ந்தது. யானை மோதிய மண்ணில் காளைக்காகக் கூட்டம் கூடியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நகரம் தலைமுறை தலைமுறையாகக் கூடிப் பழகிய இடத்தில்தான் அவசரத்துக்கும் கூடும்.

2022-ல் அந்த வெளியில் மாநாட்டு மையம் எழுந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநகராட்சி கட்டியது. நல்ல கட்டடம்தான். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் புத்தகத் திருவிழா நடத்தலாம், கண்காட்சி போடலாம். அந்த வசதி மதுரைக்குத் தேவைப்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், வாடகை கட்டாமல், அனுமதி கேட்காமல், காரணம் சொல்லாமல் போய் நிற்கக்கூடிய பெருவெளி சுருங்கிப்போனது. அடுத்து ஒரு 2017 வந்தால் மதுரை எங்கே போய் உட்காரும்?

இடித்தவருக்குத் தூண் உண்டு

இந்த ஊருக்கு இடங்களை மாற்றிக் கட்டுவது புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அகழி இருந்த இடத்தில் வீதிகள் வந்தன. அந்த வேலையில் உடனிருந்த நில அளவையாளர் மாரட்டின் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு ஊர் ஒரு விளக்குத் தூணையே நிறுத்தியது; துணிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் அந்தத் தூணால்தான் அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்று பெயர்.

அதாவது, நினைவுச்சின்னம் வைக்கத் தெரியாத ஊர் இல்லை இது. சுவரை இடித்தவரும் பள்ளத்தை நிரப்பியவரும் இருநூறு ஆண்டுகள் நெருங்கியும் நம் வாயில் இருக்கிறார்கள். மோதிய யானைக்கும் ஓடிய குதிரைக்கும் பந்து போட்ட பையனுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

குதிரை போன பாதை

தமுக்கத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் வடக்கே போனால் ரேஸ்கோர்ஸ். வெள்ளைக்காரர்கள் குதிரை விட்ட மைதானம். தமிழ்நாட்டில் கலெக்டரும் ராணுவமும் இருந்த ஊர்களில் எல்லாம் குதிரைப் பந்தயத் திடலும் இருந்திருக்கிறது. திருச்சியில் ரேஸ்கோர்ஸ் சாலை உண்டு. பக்கத்தில் அண்ணா விளையாட்டரங்கம். கோவையில் ரேஸ்கோர்ஸ் என்பது இன்று வசதியானவர்களின் குடியிருப்பு. பழைய பந்தயத் திடலைச் சுற்றிய சாலையில் காலையில் நகரமே நடக்கிறது.

மதுரைத் திடலுக்கு நல்ல காலம். அது மைதானமாகவே தங்கிவிட்டது. எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் என்ற பெயரில் ஓடுபாதை வந்தது, நீச்சல்குளம் வந்தது. 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையோடு சேர்ந்து மதுரையும் நடத்தியது. 24 நாடுகள் கலந்துகொண்ட போட்டி. அதற்காகப் புதிய செயற்கைப் புல்தரையும் கேலரியும் அமைத்தார்கள். கலெக்டரும் துரைமார்களும் குதிரையில் பந்தயம் கட்டிய இடத்தில், அரசுப் பள்ளியில் படிக்கிற பெண்பிள்ளை இன்று ஸ்பைக்ஸ் போட்டு ஓடுகிறாள். பழைய மைதானம் ஒன்றுக்கு இதைவிட நல்ல மறுபிறவியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாத் திடலுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு ஊட்டி குதிரைப் பந்தயத் திடலைக் கையகப்படுத்தியது. ஐம்பது ஏக்கருக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது. நகரத்தின் நடுவில் அவ்வளவு நிலம் அரசின் கைக்குத் திரும்புவது சென்னை வரலாற்றில் அரிதான காரியம். வெள்ளநீர் தேங்கக் குளங்கள், மக்களுக்குப் பூங்கா என்பது அரசின் திட்டம். பக்கத்து வேளச்சேரி மழையில் மூழ்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடல் தாண்டிக் கொழும்பில் இன்னொரு விதமாக நடந்தது. 1893-ல் திறந்த கொழும்பு குதிரைப் பந்தயத் திடல், இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளம் ஆனது. பந்தயம் நின்று, திடல் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறகு பழைய பார்வையாளர் மாடத்தை இடிக்காமல் செப்பனிட்டுக் கடைகளாக்கினார்கள். மைதானத்தில் ரக்பி ஆடுகிறார்கள். மாடத்தின் அடியில் காபி குடிக்கிறவருக்குத் தான் உட்கார்ந்திருப்பது எந்த இடம் என்று கட்டடமே சொல்லிவிடுகிறது.

தண்ணீர் திரும்பி வந்த மைதானம்

மதுரைக்கே உரிய கதை ஒன்று உண்டு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்.

1645-ஐ ஒட்டித் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகர் என்றும் மதுரை சொல்லும். நான்கு பக்கமும் கல் படிக்கட்டு, சுற்றுச்சுவர், நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி, கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க, மண்டபத்தைச் சுற்றி வருவார்கள்.

வைகை வறண்டது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பனையூர் கால்வாய் தூர்ந்தது. குளம் காய்ந்தது. சாமிக்குத் தெப்பம் நகரவில்லை. பல ஆண்டுகள் நிலைத்தெப்பமாகவே விழா நடந்தது. அந்த வறட்சியில், யாரும் திட்டமிடாமல், மதுரைக்கு ஒரு கிரிக்கெட் மைதானம் கிடைத்தது.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் குளம் நிறைந்துவிடும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம். ஓர் ஆட்டத்தின் லாங் ஆன் ஃபீல்டர் இன்னோர் ஆட்டத்தின் பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். யாருடைய பந்து யாருடையது என்பதில் சண்டை வரும். டென்னிஸ் பந்துகள் எல்லாமே ஒரே மஞ்சள். ஸ்டம்புக்குச் செங்கல் அடுக்கு, இல்லாவிட்டால் சைக்கிள். சுற்றுச்சுவரைத் தொட்டால் நாலு, படியேறினால் ஆறு. மைய மண்டபத்துக்குள் பந்து போனால் எடுத்துவர ஒருவன் சுவரேற வேண்டும். கரையில் பருத்திப்பால் விற்பவரும் ஜிகர்தண்டா வண்டியும் பார்வையாளர்களுக்குக் கடை விரித்திருப்பார்கள். படிக்கட்டே கேலரி. நாயக்கர் கட்டிய அரங்கம்தான். டிக்கெட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அனுப்பானடியிலும் காமராஜர் சாலையிலும் வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு தலைமுறை இங்கே ஆடியிருக்கிறது. பெண்பிள்ளைகள் படியில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. அதையும் சொல்லியாக வேண்டும். பேட் பிடிக்க அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு கால்வாயைச் சீரமைத்தார்கள். வைகையில் தண்ணீர் வரும்போது அது தானாகவே ஓடிவந்து குளத்தை நிரப்பியது. தெப்பம் மறுபடி மிதந்தது. மாலையானால் மதுரை முழுக்கக் கரையில் வந்து காற்று வாங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் ஏறியது. ஒரு மைதானம் காணாமல் போனதற்கு ஊரே சந்தோஷப்பட்டது என்றால் அது இது ஒன்றாகத்தான் இருக்கும். நானும் சந்தோஷப்பட்டேன். குளம் குளமாக இருப்பதுதான் முறை.

ஆனால் அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆள் இல்லை. ரேஸ்கோர்ஸ் நகரின் மறுகோடியில் இருக்கிறது. கல்லூரி மைதானங்களுக்கு வாட்ச்மேன் உண்டு. கண்மாய்களில் ஆடலாம் என்றால் மதுரையைச் சுற்றியிருந்த கண்மாய்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமாகிவிட்டன. உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை வந்து 2004 முதல் இயங்குகிறது. அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் காய்ந்து வெடித்த கண்மாய்த் தரைதான் தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் கிரிக்கெட் சீசன். அந்தத் தரையை அளந்து, பிளாட் போட்டு, விற்றுவிட்டோம். தண்ணீருக்குக் கண்மாயைக் காக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். ஆண்டில் சில மாதம் அது பிள்ளைகளின் திடலாகவும் இருந்தது; அதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரியமேட்டில் புதைந்த டெஸ்ட்

சென்னை நேரு விளையாட்டரங்கத்துக்குக் கால்பந்து பார்க்கவோ இசை நிகழ்ச்சி கேட்கவோ போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: இங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்திருக்கிறது தெரியுமா? சேப்பாக்கம் என்பார்கள். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், பெரியமேட்டில், அன்று கார்ப்பரேஷன் ஸ்டேடியம் எனப்பட்ட இதே இடத்தில்தான் நடந்தன. மொத்தம் ஒன்பது டெஸ்ட்.

முதல் ஆட்டமே சரித்திரம். 1956 ஜனவரி, நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. டெஸ்டில் தொடக்க ஜோடிக்கு உலக சாதனை. அதை முறியடிக்க 52 ஆண்டு ஆனது. 2008-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கன்சியும் 415 எடுத்தார்கள். அந்த அரை நூற்றாண்டும் உலகமெங்கும் சாதனைப் பட்டியலில் ‘மெட்ராஸ், கார்ப்பரேஷன் ஸ்டேடியம்’ என்று அச்சாகிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அந்த மைதானம் கிரிக்கெட்டை மறந்துகொண்டிருந்தது.

1962 ஜனவரியில் இங்கிலாந்தை இங்கே 128 ரன்னில் தோற்கடித்தது நாரி கான்ட்ராக்டரின் அணி. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அதுதான். சலீம் துரானி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பத்து விக்கெட். இளம் பட்டோடி சதம். நம்மை ஆண்டவர்களை அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்று தொடரைக் கைப்பற்றிய மண் அது.

1964 ஜனவரி 12. அதே இங்கிலாந்து, அதே மைதானம். பாபு நட்கர்னி பந்தை எடுத்தார். அடுத்தடுத்து 21 ஓவர் மெய்டன். 131 பந்துக்கு ஒரு ரன்கூட இல்லை. அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. ஒரே நீளம், ஒரே திசை, ஓவருக்குப் பின் ஓவர். கிரிக்கெட் எவ்வளவோ மாறிவிட்டது. இந்தக் கணக்கை இனி ஒருவரும் நெருங்கப்போவதில்லை.

1967-ல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் போனது. 1993-ல் அடியோடு மாற்றிக் கட்டினார்கள். நட்கர்னி ஓடிவந்த பிட்ச் இன்று எந்தப் புல்லுக்கடியில் இருக்கிறது என்பதை அளந்து குறிப்பது கடினமான வேலையே இல்லை. பழைய வரைபடமும் ஒரு சர்வேயரும் போதும்.

சுவரின் முன்னால் கூடுகிறவர்கள்

மறைந்த மைதானத்தின் இடத்தைக் குறித்து வைக்கிற அந்த வேலையை அமெரிக்கர்கள் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு பேஸ்பால் நமக்குக் கிரிக்கெட் போல. 1834-லேயே மதுரைக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். அவர்கள் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி 1909 முதல் தமுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. பேஸ்பால் மட்டும் இங்கே வேர் பிடிக்கவில்லை. அந்த ஆட்டத்தின் பழைய மைதானங்களை அவர்கள் நாட்டில் ஈவிரக்கம் இல்லாமல் இடித்தும் இருக்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் ஃபீல்டு, 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் களமிறங்கி நிறவெறித் தடையை உடைத்த இடம். பத்தாண்டில் அங்கே ஆடிய அணியின் முதலாளி, கூடுதல் லாபம் தேடி அணியைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். 1960-ல் மைதானத்தை இடித்தார்கள். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு.

இடித்த இடங்களில்கூட அடையாளம் வைக்கிறார்கள். மினசோட்டாவில் பழைய மைதானத்தின் மேல் ‘மால் ஆஃப் அமெரிக்கா’ என்ற பிரம்மாண்ட வணிக வளாகம் எழுந்தது. பேட்ஸ்மேன் நின்ற ஹோம் பிளேட் இருந்த அதே இடத்தில், ராட்டினங்களுக்கு நடுவே, தரையில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் உயரே ஒரு நாற்காலி தொங்குகிறது. 1967-ல் ஹார்மன் கில்லபுரூ அடித்த பந்து போய் விழுந்த இருக்கை இருந்த இடம் அது.

பிட்ஸ்பர்க் நகரத்து ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்னை இன்னும் அதிகம் ஈர்க்கிறது. 1909 முதல் 1970 வரை இருந்த மைதானம். இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள். ஆனால் எல்லைச் சுவரின் ஒரு பகுதியை விட்டுவைத்தார்கள். ஹோம் பிளேட் ஒரு கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 1960 அக்டோபர் 13 அன்று அங்கே பில் மசரோஸ்கி கடைசிக் கட்டத்தில் அடித்த ஒரே அடியில் பிட்ஸ்பர்க், உலகத் தொடரை வென்றது. 1985-ல் ஒரு ரசிகர் தனியாக அந்தச் சுவரடியில் உட்கார்ந்து, பழைய வானொலி வர்ணனையின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆட்கள் சேர்ந்தார்கள். இப்போது ஒவ்வோர் அக்டோபர் 13-லும் கூட்டம் கூடி, முழு ஆட்டத்தையும் கேட்டு, சரியாக 3.36 மணிக்கு அந்த அடி விழும்போது ஆர்ப்பரிக்கிறது. மைதானம் போய் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஒரு சுவரும் ஒரு தேதியும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

தை 1, தை 2, தை 3

இடத்தையும் தேதியையும் ஒன்றாக முடிந்து வைக்கிற வித்தை மதுரைக்குத் தெரியாததா? ஜல்லிக்கட்டு, தைப் பொங்கல் அன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கல் அன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். நாள்காட்டி பார்க்காமல் சொல்வார்கள்.

இதில் பாலமேடு தனி. மஞ்சமலை ஆற்றுத் திடல்தான் களம். மார்கழி கடைசியில் அங்கே கம்பம் நடத் தொடங்குவார்கள். வாடிவாசலுக்கு வர்ணம் அடிப்பார்கள். இரண்டு பக்கமும் தடுப்பு, அதற்குப் பின்னால் கேலரி. காளையும் வீரரும் விழுந்தால் அடிபடாதபடி தேங்காய் நாரைத் தரையில் கெட்டியாகப் பரப்புவார்கள். விடிந்ததும் கோயில் காளை முதலில் வரும். அதன் திமிலில் யாரும் கை வைப்பதில்லை. அதற்குப் பிறகுதான் மற்றவை. திமிலைப் பிடித்து மூன்று துள்ளலோ பதினைந்து மீட்டரோ தாக்குப் பிடித்தால் மாடு பிடித்தவருக்குப் பரிசு, இல்லாவிட்டால் மாட்டுக்காரருக்கு. மாலையில் ஆட்டம் முடியும். அடுத்த சில நாளில் கேலரியைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு நாள் அரங்கம், மிச்ச நாளெல்லாம் ஆற்றுத் திடல்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது இந்த மூன்று களங்களும் ‘பழைய மைதானங்கள்’ ஆகியிருக்க வேண்டும். 2015, 2016 பொங்கல்களில் வாடிவாசல் திறக்கவில்லை. அந்த இடங்களில் கடை வரவில்லை, கட்டடம் வரவில்லை. காளைகளை விற்காமல் தீவனம் போட்டு வளர்த்தவர்கள் இருந்தார்கள். 2017-ல் சட்டம் மாறியதும் பிப்ரவரி 5, 9, 10 தேதிகளில் மூன்று ஊரிலும் காளைகள் மறுபடி சீறி வந்தன. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது.

2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில், வகுத்தமலை அடிவாரத்தில், கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். சுமார் 62 கோடி ரூபாய். ஐயாயிரம் பேர் உட்காரலாம். முல்லைக்கலி பாடிய காலத்திலிருந்து ஏறுதழுவலுக்கு இப்படி ஒரு நிரந்தர அரங்கம் இருந்ததில்லை. காயம்பட்டவருக்கு உடனே சிகிச்சை, காளைகளுக்குப் பரிசோதனை, பெண்களும் குழந்தைகளும் நெரிசல் இல்லாமல் பார்க்க இருக்கை என்று அதன் நன்மைகள் கண்கூடு.

அப்படியும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு அலங்காநல்லூர் வாடிவாசலில்தான் நடக்கிறது. முனியாண்டி சாமிக்கு முன்னால் கோயில் காளை அவிழாமல் அந்த ஆட்டம் தொடங்காது. புதிய அரங்கம் வேறு நாளில் வேறு போட்டிகளை நடத்திக்கொள்கிறது. புரூக்ளின் அணியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு முதலாளி இருந்தார். அலங்காநல்லூர் ஆட்டத்துக்கு அப்படி முதலாளி கிடையாது. ஊரும் சாமியும் தை 3-ம் சேர்ந்து அதை அந்த இடத்தில் கட்டிப்போட்டிருக்கின்றன. தமுக்கத்து யானைச் சண்டைக்கு அரசன் ஒருவன்தான் சொந்தக்காரன். அவன் போனதும் அதுவும் போனது. ரேஸ்கோர்ஸ் பந்தயத்துக்கு வெள்ளைக்காரன் சொந்தக்காரன். கார்ப்பரேஷன் ஸ்டேடியத்து டெஸ்டுக்குக் கிரிக்கெட் வாரியம் சொந்தக்காரன். ஊர் சொந்தம் கொண்டாடிய ஆட்டக்களம் மட்டும்தான் தடையைத் தாண்டியும் ஆட்டக்களமாக நிற்கிறது.

மதுரை மாநகராட்சி செய்யக்கூடியவை சில உண்டு, எதுவும் பெரிய செலவில்லை. தமுக்கம் மாநாட்டு மையத்தின் வாசலில் அந்த மண்ணின் கதையை யானைச் சண்டை தொடங்கி 2017 வரை கல்லில் வெட்டி வைக்கலாம். மிச்சமிருக்கிற திறந்தவெளியில் இனி ஒரு தூண்கூட எழும்பாது என்று மாமன்றத்தில் தீர்மானம் போடலாம். ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடிய வட்டத்தைத் தரையில் ஒரு கோடாக வரைந்து காட்டலாம். சென்னையில் நட்கர்னிக்கு ஜனவரி 12 இருக்கிறது. ஆண்டுதோறும் அன்றைக்கு நேரு விளையாட்டரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி அந்த 21 ஓவரின் கதையைச் சொல்ல விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முன்வர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது, தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்ததால் இடம் இழந்த பிள்ளைகளுக்கு, அனுப்பானடியிலிருந்தும் ஐராவதநல்லூரிலிருந்தும் நடந்தே போகிற தூரத்தில், பூட்டாத ஒரு திடல். ஐந்து ஏக்கர் போதும். புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று வருவாய்த் துறைக்குத் தெரியும். அதில் ஒரு பாதியைப் பெண்பிள்ளைகள் ஆடுவதற்கென்று முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும்.